சென்னையில் சில மாதம், சிங்கப்பூரில் சில மாதம்: ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாட்டு வரிக்கணக்கு

சிங்கப்பூர் கம்பெனியில் வேலை, சம்பளம் சிங்கப்பூர் வங்கிக்கு வருகிறது, ஆனால் வருடத்தில் மூன்று நான்கு மாதம் சென்னை வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை. இப்படி இருப்பவர்கள் இப்போது நிறைய. "சம்பளம் அங்கேதானே வருகிறது, இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?" என்ற எண்ணம்தான் முதல் சிக்கல். சம்பளத்துக்கு வரி போடும் உரிமை பணம் எந்த வங்கியில் விழுந்தது என்பதோடு நிற்பதில்லை; வேலை செய்தபோது நீங்கள் எந்த மண்ணில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதைத்தான் சட்டம் முதலில் பார்க்கும். இந்தியாவில் இருந்து செய்த வேலைக்கான சம்பளம், உலகின் எந்த மூலையில் கொடுக்கப்பட்டாலும், இந்தியாவில் ஈட்டியதாகவே கருதப்படும். என்ஆர்ஐக்கும் (வரிக்கணக்கில் இந்தியாவில் குடியிருப்பவர் அல்லாதவருக்கும்) இது பொருந்தும்.

இங்கே சொல்வது இந்தியக் குடியுரிமை உள்ள, சிங்கப்பூர் வேலை அனுமதியில் இருக்கும் மாதச் சம்பளக்காரருக்கு. சொந்தத் தொழில் செய்பவருக்கும் கம்பெனி இயக்குநருக்கும் விதிகள் வேறு. சட்ட எண்களைப் பற்றி ஒரு வார்த்தை: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2025-26 நிதியாண்டின் கணக்கு பழைய 1961 சட்டப்படியேதான். கீழே உள்ள படிவ எண்கள் பழைய சட்டத்தவை. அடுத்த ஆண்டுக் கணக்குக்கு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு பட்டியல்

நாட்களை எண்ண வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் ஒரே ஒரு எண்ணிக்கைதான் வைத்திருப்பார்கள். தேவை இரண்டு.

ஒன்று, தங்கிய நாட்கள். ஞாயிறு, விடுப்பு, காய்ச்சலில் படுத்த நாள் எல்லாம் சேரும். நீங்கள் எந்த நாட்டில் குடியிருப்பவர் என்பதை முடிவு செய்ய இது. இந்தியாவில் வந்து இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள். வந்த நாளைக் கழிக்கலாம் என்று வாதாட இடமுண்டு. ஆனால் ஒற்றை நாளில் எல்லை தாண்டும் நிலைக்கு வராமல் இருப்பது அந்த வாதத்தைவிட மலிவு.

இன்னொன்று, வேலை செய்த நாட்கள். சம்பளத்தை இரு நாட்டுக்கும் பங்கு பிரிக்க இது. விடுப்பும் விடுமுறையும் பகுதியிலும் சேராது, தொகுதியிலும் சேராது. தீபாவளிக்குப் பத்து நாள் விடுப்பில் வந்திருந்தால் தங்கிய கணக்கில் பத்து, வேலைக் கணக்கில் பூஜ்யம். ஆனால் அந்தப் பத்தில் இரண்டு நாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டும் வேலைநாள். கம்பெனியின் விடுப்புப் பதிவோடு உங்கள் பட்டியல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதிகாரி நம்புவது கம்பெனிப் பதிவைத்தான்.

ஆதாரத்துக்குக் கடவுச்சீட்டை மட்டும் நம்ப முடியாது. சிங்கப்பூரில் இப்போது முத்திரை குத்துவதில்லை. போர்டிங் பாஸ், டிக்கெட் மின்னஞ்சல் இரண்டையும் பயணம் முடிந்த அன்றே ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள்.

அடுத்த தலைவலி, ஆண்டே வேறு. இந்தியாவுக்கு ஏப்ரல் முதல் மார்ச். சிங்கப்பூருக்கு ஜனவரி முதல் டிசம்பர். ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாட்கள் இரு நாட்டிலும் வெவ்வேறு ஆண்டில் விழும். பட்டியலை மாதவாரியாக வைத்தால் எந்த ஆண்டுக்கும் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தியா உங்களை என்னவாகப் பார்க்கிறது

பொது விதி இரண்டு: நிதியாண்டில் 182 நாள் இருந்தால் குடியிருப்பவர். அல்லது 60 நாள் இருந்து, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்தாலும் குடியிருப்பவர். வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊருக்கு வந்துபோகும்போது அந்த 60 என்பது 182 ஆகத் தளர்கிறது. வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பும் ஆண்டிலும் அப்படியே.

ஆனால் இந்தத் தளர்வுக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. வெளிநாட்டு வருமானம் நீங்கலாக உங்கள் மொத்த வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், வந்துபோகிறவருக்கான எல்லை 182 அல்ல, 120. "எனக்கு இந்தியாவில் 15 லட்சம் எங்கே வருகிறது, வாடகை கொஞ்சம், வைப்பு வட்டி கொஞ்சம்" என்று நினைப்பீர்கள். சென்னையிலிருந்து செய்த வேலைக்கான சம்பளமும் அந்த 15 லட்சத்தில் சேரும் என்பதுதான் பலர் கவனிக்காதது.

எண்ணில் பார்ப்போம். மாதம் 8,000 சிங்கப்பூர் டாலர், ஆண்டுக்கு 96,000. ஆண்டில் 250 வேலைநாள். ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வேலைநாளின் சம்பளம் 384 டாலர், அதாவது 24,960 ரூபாய். சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போனபிறகும், சென்னையில் 64 நாள் வேலை செய்தாலே 15 லட்சம் தாண்டிவிடும். வாடகை, வட்டி இருந்தால் அதற்கும் முன்பே. கீழே சொல்லும் இந்தியா-சிங்கப்பூர் வரி ஒப்பந்தப்படி விலக்குப் பெறும் சம்பளம் இந்தக் கூட்டலில் வருமா என்று வாதிடலாம்தான். திட்டமிடும்போது வரும் என்று கொண்டு 120 நாளைத் தொடாமல் நிற்பது பாதுகாப்பு.

120-ஐத் தொட்டு 182-ஐ எட்டாமல் இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் சேர்ந்திருந்தால், நீங்கள் குடியிருப்பவர் ஆகிறீர்கள். ஆனால் ஆர்என்ஓஆர் (குடியிருப்பவர், ஆனால் சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்ல) என்ற இடைநிலை வகையில். அதில் வெளிநாட்டில் இருந்து செய்த வேலைக்கு இந்திய வரி இல்லை. ஆகவே உடனே பெரிய நஷ்டம் இல்லை. இழப்பது என்ஆர்ஐ என்ற எளிய நிலையை. ஒப்பந்தச் சலுகை கேட்கும்போது கூடுதலாக ஒரு படி ஏற வேண்டியிருக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது 182. அதைத் தொட்டால் எந்தத் தளர்வும் இல்லை. கடந்த பத்தாண்டுகளில் ஒன்பதில் என்ஆர்ஐயாக இருந்தவர், அல்லது கடந்த ஏழாண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவர் அப்போதும் ஆர்என்ஓஆர் நிழலில் ஒதுங்கலாம். சிங்கப்பூர் போய் ஐந்தாண்டு ஆகாதவருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டுமே பொருந்தாது. அவருடைய உலக வருமானம் முழுவதும் இந்திய வரிக்குள் வரும். மேலே சொன்ன 96,000 டாலர் 62.4 லட்சம் ரூபாய். புதிய வரிமுறையில், 2025-26 விகிதப்படி, 10 சதவீத மிகைவரியும் (சர்சார்ஜ்) 4 சதவீத மேல்வரியும் (செஸ்) சேர்த்து சுமார் 16.35 லட்சம். சிங்கப்பூரில் அதே சம்பளத்துக்கு வரி, உழைப்பு வருமானத்துக்கான 1,000 டாலர் கழிவு மட்டும் போக, 5,075 டாலர், சுமார் 3.3 லட்சம். அது முழுவதையும் இந்தியா கழித்துக்கொடுத்தாலும் கையிலிருந்து 13 லட்சம் போகும். மாமனார் உடல்நலத்துக்காக இன்னும் இரண்டு வாரம் தங்கலாம் என்று தோன்றும்போது, பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒப்பந்தத்தின் 183 நாள்: மூன்று நிபந்தனை, ஒன்றல்ல

இந்தியா-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 15-வது பிரிவைப் பற்றி எல்லோரும் "183 நாளுக்குள் இருந்தால் வரி இல்லை" என்று சுருக்கிச் சொல்வார்கள். அது கால்வாசி உண்மை. நீங்கள் ஒப்பந்தப்படி சிங்கப்பூரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். அதன்மேல் மூன்றும் சேர்ந்து நிறைவேற வேண்டும். நிதியாண்டில் இந்தியாவில் 183 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. சம்பளம் கொடுக்கும் நிறுவனம் இந்திய நிறுவனமாக இருக்கக் கூடாது. அந்தச் சம்பளச் செலவை, அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் உள்ள நிரந்தர அமைவிடம் (கிளை, அலுவலகம் போன்ற நிலையான தொழிலிடம்) ஏற்றிருக்கக் கூடாது.

விழுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். கம்பெனிக்குச் சென்னையில் ஒரு கிளையோ துணை நிறுவனமோ இருந்து, நீங்கள் இங்கிருந்த மாதங்களின் செலவை அதன் கணக்கில் எழுதியிருந்தால் விலக்கு ஆட்டம் காணும். உங்களுக்குத் தெரியாமலே நிதிப் பிரிவு எழுதியிருக்கும். "நான் இந்தியாவில் இருக்கும் காலத்தின் சம்பளச் செலவு எந்த நிறுவனத்தின் கணக்கில் போகிறது?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கம்பெனிக்கும் இதில் பயம் உண்டு. ஊழியர்கள் வழியாக இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 90 நாளுக்கு மேல் சேவை கொடுத்தால், தன் குழும நிறுவனத்துக்கென்றால் 30 நாளுக்கு மேல் கொடுத்தால், கம்பெனிக்கே இந்தியாவில் நிரந்தர அமைவிடம் உருவாகலாம் என்கிறது ஒப்பந்தம். இந்திய வாடிக்கையாளர்களிடம் பேசி ஒப்பந்தம் முடிக்கும் விற்பனைக்காரர் என்றால் ஆபத்து அதிகம். வீட்டிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்கு நிரல் எழுதுபவருக்குக் குறைவு. மனிதவளத் துறை தயங்கினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

விலக்குக் கோரத் தேவையான காகிதங்கள்:

1. சிங்கப்பூர் வரி ஆணையமான ஐராஸ் தரும் குடியிருப்புச் சான்றிதழ். இது காலண்டர் ஆண்டுக்குத் தரப்படுவது. 2025-26 நிதியாண்டுக்கு 2025, 2026 என இரண்டு சான்றிதழ் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கோரி, ஜனவரி-மார்ச் பகுதிக்கு ஆதாரமில்லாமல் நிற்பது வழக்கமான தவறு.
2. படிவம் 10எஃப், அதாவது ஒப்பந்தச் சலுகை கேட்பவர் தரும் விவரப் படிவம். இந்திய வரித்துறை இணையதளத்தில் மின்வழியே மட்டும். சான்றிதழில் உள்ள காலம், முகவரி, வரி எண் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும்.
3. வேலைநாள் பட்டியல், கம்பெனியின் கடிதம்.
4. ஐடிஆர்-2 என்ற வருமானவரித் தாக்கல் படிவம். விலக்குப் பெறும் தொகையை விலக்கு வருமான அட்டவணையில், ஒப்பந்தப்படி வரியற்றது என்ற வரியில், நாடும் பிரிவு எண்ணும் போட்டுக் காட்டுங்கள். வரியே இல்லை என்று தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்தபின் விலக்குக் கேட்பது கடினமான வழி.

இரு நாடுமே உங்களைக் குடியிருப்பவர் என்றால் 4-வது பிரிவின் வரிசை: நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கை உறவுகள் எங்கே நெருக்கம், வழக்கமாகத் தங்குவது எங்கே, பிறகு குடியுரிமை. மனைவியும் பிள்ளைகளும் சென்னையில், சொந்த வீடும் சென்னையில், சிங்கப்பூரில் ஓர் அறை மட்டும் என்றால் முடிவு உங்களுக்குச் சாதகமாக வராது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

விலக்கு இல்லையென்றால்

நிபந்தனை எதுவோ தவறியது; சென்னையில் 70 நாள் வேலை. 250-இல் 70, அதாவது 28 சதவீதம்: 26,880 டாலர், 17,47,200 ரூபாய். நிலைக்கழிவு போக 16,72,200. வரியும் மேல்வரியும் சேர்த்து சுமார் 1.4 லட்சம். 12 லட்சம் வரை வரியில்லை என்ற தள்ளுபடி குடியிருப்பவருக்குத்தான், என்ஆர்ஐக்குக் கிடையாது. 10 லட்சம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டு இதில் மாட்டுபவர்கள் உண்டு.

அதே பங்குக்குச் சிங்கப்பூர் வரி 1,421 டாலர், சுமார் 92,000 ரூபாய். இந்தியாவில் கட்டியதைக் காட்டிச் சிங்கப்பூரில் கழிவு கேட்கலாம். ஆனால் எந்த நாடும் தன் வரியைவிட அதிகமாகக் கழித்துத் தராது. மிச்ச 47,000 சொச்சம் உங்கள் செலவு. சென்னையில் வேலை செய்வதன் உண்மையான விலை இது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முறை: சட்டப்படி வெளிநாட்டு நிறுவனமும் டிடிஎஸ் (சம்பளத்திலேயே வரி) பிடிக்க வேண்டும், அதற்கு இந்தியாவில் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) எடுக்க வேண்டும். சின்ன கம்பெனிகள் செய்வதில்லை. அப்போது முன்கூட்டிய வரி உங்கள் தலையில். ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. இணையதளத்தில் மின்வரிச் செலுத்துதலில் முன்கூட்டிய வரிக்கு 100, தாக்கல் நேரத்தில் கட்டும் மிச்சத்துக்கு 300 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். மாற்றிப் போட்டால் வட்டிக் கணக்கு குழம்பும்.

ரூபாய் மாற்று விகிதம் கூகுளில் பார்ப்பதல்ல. சம்பளம் உரியதாகும் மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் பாரத ஸ்டேட் வங்கியின் டிடி (TT, தந்திவழிப் பணமாற்று) வாங்கும் விகிதம். ஆகஸ்ட் சம்பளத்துக்கு ஜூலை 31. கடைசி நாள் வங்கி விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலைநாளின் விகிதத்தை வைத்துக் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விகிதப் பட்டியலை மாதா மாதம் இறக்கி வையுங்கள். பழையதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

போனஸ், பங்கு ஒதுக்கீடு இரண்டும் கையில் வந்த நாளைப் பார்ப்பதில்லை. போனஸ் எந்த ஆண்டின் உழைப்புக்கோ அந்த ஆண்டின் வேலைநாள் விகிதம். பங்கு என்றால் ஒதுக்கிய நாள் முதல் உரிமையாகும் நாள் வரையிலான விகிதம். மூன்று நான்கு ஆண்டுப் பட்டியல் தேவைப்படும்.

சம்பளத்தை நேராக இந்திய வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லாதீர்கள். என்ஆர்ஐக்கும் இந்தியாவில் முதன்முதலாகக் கைவந்த வருமானம் வரிக்குரியது. சிங்கப்பூர் கணக்கில் வாங்கி, பிறகு நீங்களே ஊருக்கு அனுப்பினால் அது வெறும் பணப் பரிமாற்றம்.

சிங்கப்பூர் பக்கம்

இங்கே சொல்ல அதிகமில்லை. காலண்டர் ஆண்டில் 183 நாள் இருந்தால் குடியிருப்பவர் விகிதம். குறைந்தால் சம்பளத்துக்கு 15 சதவீதம் அல்லது குடியிருப்பவர் விகிதம், இரண்டில் அதிகமானது. தனிநபர் கழிவுகளும் போகும். இரண்டு ஆண்டுகளைத் தொட்டுத் தொடரும் வேலைக்குச் சலுகை உண்டு. கம்பெனி முழுச் சம்பளத்தையும் ஐராஸுக்குத் தெரிவிக்கும். சென்னை நாட்களை அது தானாகக் கழிக்காது. சிங்கப்பூர் வேலையின் ஒட்டாக இடையிடையே வெளியே இருந்து செய்ததென்றால் முழுத் தொகைக்கும் அங்கே வரி. தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 18.

ஒரே ஒரு கண்ணி பெரியது. வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டாலோ, மூன்று மாதத்துக்கு மேல் சிங்கப்பூரை விட்டு வெளியே இருக்கப் போகிறார் என்றாலோ, கம்பெனி ஒரு மாதம் முன்பே ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவம் கொடுத்து, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். நான்கு மாதம் ஒரேயடியாகச் சென்னைக்கு என்று கிளம்பினால், அந்த மாதச் சம்பளம் வராமல் திகைப்பீர்கள். கிளம்பும் முன் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள். இரண்டிரண்டு மாதமாகப் பிரித்து வருவது பலருக்கு வசதி.

முழுக் குடியிருப்பவர் ஆகிவிட்டால்

உலக வருமானம் காட்ட வேண்டியவர் ஐடிஆர்-2-இல் வெளிநாட்டு வருமானம், வரிக் கழிவு, வெளிநாட்டுச் சொத்து என்ற மூன்று அட்டவணையும் நிரப்ப வேண்டும். சொத்து அட்டவணை மட்டும் காலண்டர் ஆண்டுக்கு: வங்கிக் கணக்கு, பங்கு, நிரந்தரவாசியானால் மத்திய சேமநிதி எல்லாம். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக, மொத்தம் 20 லட்சத்துக்கு மேற்படாதவற்றுக்கு இந்த அபராதம் இல்லை. என்ஆர்ஐயும் ஆர்என்ஓஆரும் இந்தச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் கட்டிய வரியை இந்திய வரியில் கழித்துக்கொள்ளப் படிவம் 67. கெடு அந்த மதிப்பீட்டு ஆண்டின் முடிவு. 2025-26 வருமானத்துக்கு 2027 மார்ச் 31. சிங்கப்பூரில் மாதச் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை என்பதால் சிக்கல் வரும். 2025 ஏப்ரல்-டிசம்பர் பகுதிக்கான வரி நோட்டீஸ் 2026-இல் வந்துவிடும், கட்டிய ரசீதோடு சேர்க்கலாம். 2026 ஜனவரி-மார்ச் பகுதிக்கான நோட்டீஸ் 2027-இல், கெடு முடிந்த பிறகுதான் வரும். அந்த மூன்று மாதத்துக்குக் கணக்கிட்டு, கையொப்பமிட்ட அறிக்கையோடு கோருகிறார்கள். கட்டிய ஆதாரம் இல்லாததால் அதிகாரி மறுக்கவும் கூடும். தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது வீணல்ல என்று சொல்ல வேண்டிய இடம் இது. ஐஆர்21 வழியாக வரி தீர்த்துவிட்டு வந்தவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

தாக்கல் செய்தபின் 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓடிபி பழைய இந்திய எண்ணுக்குப் போகும். அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள், அல்லது இந்திய வங்கியின் நெட்பேங்கிங் வழியாகச் செய்யுங்கள்.

நிரந்தரமாக ஊர் திரும்பும் ஆண்டுக்கு மட்டும் தனிக் கவனம். வந்துபோகிறவருக்கான தளர்வு, திரும்பி வந்து தங்கிவிடுபவருக்கு இல்லை. 60 நாள் விதி நேராகப் பாயும். ஜனவரி 5 வந்திறங்கினால் மார்ச் 31-க்குள் 86 நாள்; முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இருந்தால் அந்த முழு நிதியாண்டுக்கும் நீங்கள் குடியிருப்பவர். அந்த ஆண்டில் முன்பு வந்துபோன நாட்களும் 60-இல் சேரும். ஆகவே திரும்பும் டிக்கெட்டை பிப்ரவரிக்கா மார்ச்சுக்கா என்று பட்டியலைப் பார்த்துப் போடுங்கள். பிள்ளைகளின் பள்ளி ஜூனில்தான் தொடங்கும் என்றால் ஏப்ரல் முதல் வாரம் இன்னும் நல்லது.